டேப்புக்குள் ஒரு ஃபேன்

'எனக்குத் தெரியாது' என்று சொல்ல எனக்கு வாய் வராது. இப்போது ஓரளவு தேறிவிட்டேன். இருபத்தாறு வயதில் இந்த வியாதி முற்றிப்போயிருந்தது. யாராவது வழி கேட்டால், கேள்விப்பட்டே இராத தெருவுக்குக்கூட இடது வலது எல்லாம் சொல்லி அனுப்பிவைப்பேன். (அதில் சிலர் இன்னும் நடந்துகொண்டிருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.) அதனால் முதன்முதலாக டேப்லெட் என்கிற டேப் வாங்கிய அன்று கடைக்காரர், "எப்படி யூஸ் பண்றதுன்னு காட்டட்டுமா சார்?" என்று கேட்டதற்கு, "அதெல்லாம் நமக்கு அத்துப்படி" என்று சொல்லிவிட்டு, போனிலிருந்த சிம்மைக் கழற்றி அதில் போடச் சொல்லி வாங்கி வந்துவிட்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத்தான் குடும்பமே என்னை நம்பி ஒரு காரியத்துக்கு அனுப்பியது.

ராயபுரம் வீட்டில் அம்மா, அக்கா பவானி, நான், மூன்றே பேர். அப்பா இல்லை. அக்கா திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர், ஸ்கூட்டரில் போய் வருவாள். தலையில் மஞ்சள் ஹெல்மெட்டும் கையில் அட்டையுமாக அவள் நடந்து வந்தால் டிரெய்லர் ஓட்டுகிறவர்கள் பீடியை மறைப்பார்கள். அவளுக்கு எண்ணூரில் சம்பந்தம் கூடியிருந்தது. மாப்பிள்ளை சதீஷ் வள்ளூரில் எலக்ட்ரீசியன், நல்ல மனிதர். அவருடைய அம்மா கன்னியம்மா கருவாட்டு மொத்த வியாபாரி. பெண் பார்க்க வந்தபோது கன்னியம்மா அத்தை போகிற போக்கில், "எங்க வூட்டுக்கு வந்துட்டா பொண்ணு இந்த மாரி லாரிக்கு நடுவுல ஓடினு கெடக்க வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அக்கா முகத்தில் சிரிப்பில்லை. "வேலையை விடணும்னா கல்யாணத்தை விட்டுடறேன்" என்றாள். நிச்சயதார்த்தத்துக்குப் பத்து நாள்தான் பாக்கி. யாராவது போய்ப் பக்குவமாகப் பேசி, அக்கா வேலைக்குப் போக சம்மதம் வாங்கி வர வேண்டும்.

"நீ போய்ப் பேசு கொமரேசா. வாயக் கொஞ்சம் அடக்கிப் பேசு" என்றார் அம்மா. "அந்தப் பலகையை எதுக்குத் தூக்கினு போற?"

"அக்கா யார்டுல பரிசு வாங்குன போட்டோவெல்லாம் இதுல பெருசா தெரியும்மா."

உண்மை அதுவல்ல. ரயிலில் நாலு பேர் பார்க்க டேப்பைத் தடவிக்கொண்டு போக வேண்டும். அவ்வளவுதான்.

ராயபுரத்தில் ரயில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, உறையை விரித்தேன். டேப் என்பது போனின் அண்ணன் என்று நினைத்திருந்தேன். அது வேறு சாதி. வெயில் பட்டால் படம் மறைந்து, என் முகமும் ஜன்னல் கம்பியும் மட்டும் தெரிந்தன. சாய்த்தால் படம் நேராக நின்றது. நான் தலையைச் சாய்த்துப் பார்த்தால் அது மறுபடி படுத்துக்கொண்டது. கொருக்குப்பேட்டை வருவதற்குள் எனக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது. எதையோ தொட்டதில் ஒரு விளம்பரம், "மூட்டு வலியா?" என்று பெட்டி முழுக்க அலறியது.

எதிர் சீட்டில், காலி அலுமினிய அன்னக்கூடையைக் காலடியில் வைத்திருந்த மீன்கார அம்மாள் திடுக்கிட்டு விழித்தார். "மூட்டு வலி எனக்குத்தான் கீது நைனா. அதுக்கு நீ இன்னாத்துக்கு இப்டி கூவுற? கொறை அத்த!"

அவமானத்தில் சத்தத்தைக் குறைத்தேன். குறைத்தேன் என்றால், அடியோடு பூஜ்யத்துக்கு.

பிறகு கௌரவமாக, சதீஷ் அனுப்பியிருந்த முகவரியைப் பார்க்க வாட்ஸப்பைத் திறந்தேன். போன் என்றால் ஒரு கையால் பிடித்து ஒரு விரலால் தட்டலாம். இதை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. பிடித்த கையின் கட்டைவிரல்கள் என்னைக் கேட்காமலே எதையாவது அழுத்திக்கொண்டிருந்தன. திடீரென்று திரை முழுக்க என் முகம். சரி, கேமரா திறந்துகொண்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். அடைக்க வழி தெரியாமல் நாலைந்து இடத்தில் தட்டினேன். முகம் போகவில்லை. மூலையில் சின்னக் கட்டம் ஒன்று வந்தது. அதற்குள் ஒரு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தீங்களாம்மா? டேப்பு சூடாவாம இருக்க உள்ள ஃபேன் ஓடுது. அதைக்கூட நமக்குக் காட்டுது பாருங்க" என்றேன்.

அந்த அம்மாள் எட்டிப் பார்த்து, "தோ, றெக்கையில தூசு கூட தெரியுதே!" என்று வியந்தார்.

தண்டையார்பேட்டை தாண்டியதும், முன்னால் ஒரு சரக்கு ரயில் போக வேண்டும் என்று எங்கள் வண்டி நின்றுவிட்டது. நின்றது என்றால் ஒரேயடியாக நின்றது. இவ்வளவு பெரிய கண்ணாடி எங்கள் வீட்டிலேயே கிடையாது. மடியில் சாய்த்து வைத்துத் தலை வாரினேன். மீசையின் ஓரத்தை எச்சில் தொட்டு முறுக்கினேன். பல்லிடுக்கில் காலையில் தின்ற தேங்காய்ச் சட்னியை விசாரித்தேன். மூக்கு விஷயத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டுமா? கவனித்தேன் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

"பொண்ணு பாக்கவா போற?" என்றார் மீன்கார அம்மாள்.

நான் முழுக் கதையையும் சொன்னேன். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம்.

"அந்த மாமியாக்காரி எப்டி?"

"வாயத் தொறந்தா ஹார்பர்ல ஊதுற சங்குதாம்மா. ஒருவாட்டி ஊதுனா காசிமேட்டுல கீறவன் போட்டை எடுத்துகினு கெளம்பிடுவான். போனவாட்டி மீன் கொழம்பு ஊத்துச்சு. கடல் தண்ணியிலயே வெச்சிருக்கும் போல, அவ்ளோ உப்பு. நல்லா கீது, நல்லா கீதுன்னு சொல்லியே துன்னேன்."

"அப்போ உசாராதான் பேசணும். எங்க, பேசிக் காட்டு."

கண்ணாடியும் ரெடி, கேட்க ஆளும் ரெடி. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். முதலில் பணிவு: "அத்தை, நீங்க பெரியவங்க, உங்க கால்ல விழுந்து கேட்டுக்கறேன்..." மீன்கார அம்மாள் உதட்டைப் பிதுக்கினார். அடுத்தது கறார். புருவத்தைத் தூக்கி, விரலை நீட்டி, "இதோ பாருங்க, எங்க அக்கா சம்பாத்தியத்துல யாரும் மூக்க நுழைக்க வேணாம்!"

"வெரலை மடக்கு. அடி வாங்குவ" என்றார்.

மூன்றாவது, அழுகை. கண்ணைக் கசக்கிக்கொண்டு நடிப்பாகத்தான் தொடங்கினேன். "அத்தை, எங்க அப்பா செத்தப்போ எனக்கு வேலை இல்ல. ரெண்டு வருசம் வூட்ல குந்தினு இருந்தேன். அக்காதான் யார்டுக்குப் போச்சு. மொத நாள் அவ்ளோ லாரியையும் பாத்துட்டு வந்து பாத்ரூம்ல அழுதுச்சு. மறுநாளும் போச்சு. ஒருநாள் கூட என்னை ஏன்டா சும்மா குந்தினு கீறன்னு கேக்கல. இப்ப அந்த ஹெல்மெட்ட எடுத்து மாட்டும்போது அது மூஞ்சியில ஒரு களை வரும் பாருங்க. அத்த மட்டும் கேக்காதீங்க அத்தை. வேற இன்னா வேணாலும்..."

மேலே பேச முடியவில்லை. நிஜமாகவே அழுதுகொண்டிருந்தேன். மூக்கிலிருந்து ஒழுகியது டேப்பில் பெரிதாகத் தெரிந்தது. மீன்கார அம்மாளும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இத்தையே பேசு நைனா. மொத ரெண்டும் கலீஜு."

ஒருவழியாக ரயில் நகர்ந்து எண்ணூர் வந்தது. டேப்பின் உறையை மூட மறந்து, அப்படியே அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்கினேன். ஸ்டேஷன் வாசலில் பழம் வாங்கினேன். "மேல நல்லதா போடு. அடியில எதுனா போட்டுக்கோ, யாரும் பாக்க மாட்டாங்க" என்று பழக்காரரிடம் சொன்னதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கன்னியம்மா அத்தை வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே நிச்சயதார்த்த வேலைக்காக வந்த சொந்தக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் தரையில் உட்கார்ந்து டீவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீவியில் நீலக் கட்டம் போட்ட ஏதோ துணி. ஆடாமல் அசையாமல் அதையே அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். (என்னடா ஜவுளி விளம்பரம் இவ்வளவு நீளமாகப் போகிறது என்று நினைத்தேன்.)

"வணக்கம் அத்தை" என்றேன்.

"வணக்கம் அத்தை" என்றது டீவி.

கையைத் தூக்கினேன். டீவியில் துணி விலகிக் கூரை தெரிந்தது. குனிந்து என் சட்டையைப் பார்த்தேன். நீலக் கட்டம். டேப்பைப் பார்த்தேன். மூலையில் அந்த ஃபேன். தலையை நிமிர்த்தி அந்தக் கூடத்து விட்டத்தைப் பார்த்தேன். அதே ஃபேன், அதே றெக்கை, அதே தூசு.

ரயிலில் என் கட்டைவிரல் சதீஷுக்கு வீடியோ கால் போட்டிருக்கிறது. அவர் அதை எடுத்து, தன் பெரிய மாமாவுக்குப் போனில் சரியாகத் தெரியவில்லை என்று டீவியோடு இணைத்துவிட்டு, போனை மேசைமேல் மல்லாக்கப் படுக்க வைத்திருக்கிறார். "ஹலோ ஹலோன்னு கத்திப் பாத்தோம் மச்சான், உங்களுக்குக் கேக்கவே இல்ல" என்றார் பாவமாக. "கட் பண்றேன்னுதான் சொன்னேன். அம்மாதான் விடல."

மூக்கு முதல் பழக்கடை வரை ஒரு மணி நேரத்துக்கு மேல். பூமி பிளந்தால் நான் டேப்போடு உள்ளே போயிருப்பேன். எனக்காக இல்லை. அக்காவின் கல்யாணம் என் வாயாலேயே நின்றுபோயிற்றே என்றுதான்.

கன்னியம்மா அத்தை எழுந்து வந்தார். என் கையிலிருந்த பையை வாங்கி, மேலே இருந்த ஆப்பிள்களை ஒதுக்கிவிட்டு, அடியில் கைவிட்டு ஒரு நசுங்கிய சாத்துக்குடியை எடுத்து எல்லோருக்கும் காட்டினார்.

"சங்கு பேசறேன், குந்து" என்றார்.

கூடமே வெடித்துச் சிரித்தது. நான் உட்காரவில்லை, விழுந்தேன்.

"ரயில்ல ஒரு பொம்பள சொன்னா பாரு, மூணாவதுதான் நல்லாருந்துச்சுன்னு. கரெக்டா சொன்னா" என்றவர் குரல் கொஞ்சம் மாறியது. "ஏன்டா நைனா, நான் எப்போ வேலைக்குப் போவாதேன்னு சொன்னேன்? என் வூட்டுக்காரு போனப்புறம் கருவாட்டுக் கூடையத் தூக்கினு இதே ரோட்டுலதான் நடந்தேன். லாரி ஒண்ணு ஒண்ணும் எப்டி வருதுன்னு எனக்குத் தெரியும். அந்தப் பொண்ணு அந்த ரோட்டுல ஸ்கூட்டர்ல வந்துகினு போயினு இருக்கேன்னு பயந்து ஒரு வார்த்த சொன்னேன். அத்தப் போயி நீங்க வேலைய வுடுன்னு அர்த்தம் பண்ணிகினீங்களா? வேலைக்குப் போவட்டும். ஸ்கூட்டர் வேணாம், ரயில்ல போவட்டும். அவ்ளோதான்."

நான் மறுபடி அழுதேன். இந்த முறை டீவியிலும் நேரிலும் ஒரே சமயத்தில் தெரிந்தது.

"மொதல்ல அத்த ஆஃப் பண்ணுடா" என்றார் பெரிய மாமா.

எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னேன். சதீஷ் வந்து டேப்பை அணைத்தார். மதியம் சாப்பாட்டில் என் இலைக்கு மட்டும் உப்பே போடாத மீன் குழம்பு. பக்கத்தில் உப்பு ஜாடி தனியாக.

அக்கா இப்போது அதே யார்டில் மேனேஜர். தினமும் எண்ணூரிலிருந்து ரயிலில்தான் போகிறாள். இரண்டு குடும்பத்திலும் யாரிடமாவது பேசத் தயங்குகிற விஷயம் வந்தால், "கொமரேசன ரயில்ல ஏத்துங்க" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. நான் எந்தக் கூடத்துக்குள் நுழைந்தாலும், குழந்தைகள்கூட முதலில் டீவியைத்தான் திரும்பிப் பார்க்கிறார்கள்.

போன வாரம் அத்தை போன் செய்தார். சதீஷின் தங்கை மாத்தூரில் ஒரு பையனை விரும்புகிறாளாம். பையன் வீட்டில் போய்ப் பக்குவமாகப் பேச வேண்டுமாம்.

"மாத்தூருக்கு ரயில் கெடையாதே அத்தை" என்று நழுவப் பார்த்தேன்.

"பரவால்ல நைனா, பஸ்ல ஏறு. அவங்க வூட்ல எங்க வூட்ட வுட பெரிய டீவி கீதாம், விசாரிச்சிட்டேன்."