டால்பட் ஓடைப் பாலத்துக்கு ஒரு ஸ்லைடு

டாரகல் ஷயர் என்ற வட்டாரத்தை நிர்வகிக்கும் கவுன்சிலில் ஒரு விஷயம் உண்மையா பொய்யா என்று யாரும் கேட்பதில்லை. ஸ்லைடில் வந்ததா என்றுதான் கேட்பார்கள். மனித நாகரிகம் இதற்கு மேல் ஏற உயரம் இல்லை என்பது அங்கே எல்லோருடைய அபிப்பிராயம். கவுன்சிலை அந்த உயரத்துக்கு ஏற்றிவிட்ட மகான் ஃபெர்கஸ் லிட்கார்டு. மெல்பர்னில் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்வந்து 'காட்சித் தொடர்பு மேலாளர்' ஆனவர். அவர் திருத்தாத ஸ்லைடு கவுன்சிலர்களின் கண்ணில் படக்கூடாது என்பது விதி.

கெரின் டோலன் அதே கவுன்சிலில் பாலங்களைப் பரிசோதிக்கும் பொறியாளர். டால்பட் ஓடையின் மரப்பாலத்துக்கு அடியில் இறங்கி, பாலத்தைத் தாங்கும் மரக்கால் ஒன்றில் ஸ்க்ரூடிரைவரைக் குத்தினாள். கேக்கில் இறங்குவதுபோல் பிடிவரைக்கும் இறங்கியது. அவள் அண்ணன் கீத் தினமும் விடியற்காலையில் பால் டேங்கரை அந்தப் பாலத்தின் மேல்தான் ஓட்டிக்கொண்டு போகிறான்.

"அந்தப் பக்கம் போகாத கீத். மலைப்பக்கமா சுத்திப் போ."

"சுத்திப் போனா வேலைய விட்டுத் தூக்கிருவானுங்க. கவுன்சிலே பாலத்த மூடிட்டா கம்பெனிக்காரன் வாயத் தொறக்க முடியாது. நீ மூட வையி, நான் சுத்திப் போறேன்."

மூட வைக்க வாய் போதாது, ஸ்லைடு வேண்டும். கெரின் ராத்தூக்கம் கெட்டுத் தயாரித்ததை ஃபெர்கஸ் ஒரு காபி குடிக்கும் நேரத்தில் சீர்செய்தார்.

"எழுத்து ஜாஸ்தி. இதப் படிச்சா கவுன்சிலருங்க பயந்துருவாங்க."

"பயப்படணும்னுதான் எழுதியிருக்கேன்."

"அப்புறம் இந்தச் சிவப்பு. நம்ம கவுன்சில் அங்கீகரிச்ச கலர் யூகலிப்டஸ் பச்சை, கடல் நீலம், மணல், வெண்ணெய். சிவப்பு கெடையாது."

"அப்போ ஆபத்த எந்தக் கலர்ல காட்டறது?"

ஃபெர்கஸ் நான்கு கலர்களையும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "மணல்," என்றார்.

உளுத்த மரக்காலின் படத்தில் 'உணர்ச்சி இல்லை' என்று அதை எடுத்துவிட்டு, பாலத்துக்குப் பின்னால் சூரியன் மறையும் படத்தை வைத்தார். கடைசி ஸ்லைடில் 'பாலத்தை மூடுங்கள்' என்று மட்டும்தான் இருந்தது. இதற்காவது பாராட்டு கிடைக்கும் என்று கெரின் நம்பினாள். கிடைக்கவும் செய்தது.

"சுருக்கம் பிரமாதம். ஆனா முடிவு எப்பவும் நம்பிக்கை குடுக்கணும் கெரின். இப்படி மூஞ்சில அடிச்ச மாதிரி முடிக்கக்கூடாது." அந்த ஸ்லைடை அழித்து 'நன்றி' என்று போட்டார்.

கவுன்சில் கூடியது. பாதுகாப்பில் சமரசம் செய்துகொள்ளாத கவுன்சில் அது. தீப்பிடித்தால் எந்தக் கதவு வழியாக ஓடுவது, தேநீருக்கு வைத்த லாமிங்டன் கேக்கில் தேங்காய் இருப்பதால் ஒவ்வாமைக்காரர்கள் என்ன செய்வது என்றெல்லாம் விளக்கிய பிறகே ஃபெர்கஸ் எழுந்தார். பேச்சு நதிபோல் ஓடியது. பாலம் எப்போது விழும் என்ற தகவல் வெண்ணெய்ப் பின்னணியில் மணல் நிறத்தில் வந்து, யாரையும் தொந்தரவு செய்யாமல் போனது. 'நன்றி' வந்ததும் கெரின் எழுந்துவிட்டாள்.

"பாலத்த எப்ப மூடப் போறீங்க?"

"அருமையான கேள்வி," என்றார் ஃபெர்கஸ். "பார்க்கிங்ல போடுவோம்."

பார்க்கிங் என்பது சுவரில் ஒட்டிய பெரிய தாள். பேச்சின் ஓட்டத்தைக் கெடுக்கும் கேள்விகளை அங்கே மரியாதையாக நிறுத்திவைப்பார்கள். அங்கே நின்ற கேள்வி எதுவும் திரும்பக் கிளம்பியதாகத் தகவல் இல்லை.

"படம் என்ன அழகு பாருங்க," என்றார் மேயர் நோலீன் ஸ்ட்ரிக். "பாலம் ஜம்முன்னுதானே நிக்குது?"

'அறிக்கை கவனத்தில் கொள்ளப்பட்டது' என்றும், சூரியன் மறையும் படத்தைச் சுற்றுலாக் காலண்டரில் சேர்ப்பது என்றும் ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். அன்று மாலையே கெரின் தடுப்புக் கட்டைகளைத் தன் வண்டியில் ஏற்றிப்போய் பாலத்தை அவளே அடைத்தாள். அங்கீகாரமில்லாத கட்டைகள் என்று கவுன்சில் ஆட்கள் மறுநாளே அகற்றினார்கள். அவளுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதமும் வந்தது.

குளிர்கால மழை ஆரம்பித்த வாரத்தில், ஒரு விடியற்காலையில், பால் டேங்கரோடு சேர்ந்து பாலம் விழுந்தது. மத்தியானம் வரைக்கும் டால்பட் ஓடை வெள்ளையாக ஓடியது. கீத்தை அதற்குப் பிறகுதான் எடுக்க முடிந்தது.

ஊர்மக்களுக்கு விளக்கம் சொல்லக் கூட்டம் போட்டார்கள். ஃபெர்கஸ் தம் வாழ்நாளின் மிகச்சிறந்த ஸ்லைடுகளை அன்றுதான் காட்டினார். இரைச்சல் இல்லை, நெரிசல் இல்லை. கடைசி ஸ்லைடில் கீத் சிரிக்கும் படம், பக்கத்தில் தாராளமான வெற்றிடம், அதன் நடுவில் 'நன்றி, கீத்'. முன்வரிசையில் மேயர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கெரின் எழுந்தாள். பழக்கதோஷத்தில் ஃபெர்கஸின் கை பார்க்கிங் தாளை நோக்கிப் போனது.

"அங்க எழுத வேணாம் ஃபெர்கஸ், என் கேள்வி ஏற்கெனவே ஒண்ணு நிக்குது," என்றாள். "இந்த ஸ்லைடுலயும் ரெண்டே வார்த்தைதான். அன்னிக்குக் கடைசி ஸ்லைடுல நான் எழுதினதும் ரெண்டே வார்த்தைதான். இத மட்டும் ஏன் அழிக்காம விட்டீங்க?"