டர்போ காரில் எரிந்த காமாட்சி விளக்கு

ஆரணி,
21-8-1986

குவைத்தில் உத்தியோகம் பார்க்கும் மாப்பிள்ளை சக்கரவர்த்தி அவர்களுக்கு, சார்பதிவாளர் ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவனும் தங்கள் மாமனாருமாகிய சுப்பராயலு அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும், தங்கள் மாமியார் விருத்தாம்பாளும், எங்களோடு தங்கியிருக்கும் தங்கள் தாயாரும், மகள் ரேணுகாவும் சௌக்கியம். இந்தப் பட்டியலில் தங்கள் காரைச் சேர்க்கவில்லை என்பதைத் தாங்கள் கவனித்திருப்பீர்கள். கவனித்துவிட்டால் தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு மேற்கொண்டு படிக்கவும். நான் நின்றுகொண்டு பார்த்தேன். அந்தத் தவற்றைத் தாங்கள் செய்யவேண்டாம்.

நாலு மாத லீவு முடியுமுன் கம்பெனி திரும்பக் கூப்பிட்டது என்று மார்ச்சில் தாங்கள் கிளம்பியபோது, குவைத்திலிருந்து கப்பலில் கொண்டுவந்த மேற்படி டர்போ காரை என் வீட்டு வாசலில் நிறுத்தி, சாவியையும் மூன்று பக்க அறிவுரையையும் என் கையில் கொடுத்தீர்கள். அந்த மூன்று பக்கத்தையும் நான் பத்திரம் படிப்பதுபோல் ஓரெழுத்து விடாமல் படித்தேன். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆயிலையும் ஆயில் பில்டரையும் மாற்றவேண்டும், வேகமாக ஓடி வந்து நின்றால் இரண்டு நிமிஷம் என்ஜினைச் சும்மா ஓடவிட்டுத்தான் அணைக்கவேண்டும், வாரம் ஒருமுறையாவது நெடுந்தூரம் ஓட்டவேண்டும், எல்லாம் எழுதியிருந்தது. படித்தேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மருமகன் காரை நெடுந்தூரம் ஓட்டித் தேய்க்க எந்த மாமனாருக்கு மனசு வரும்? பால் பூத், போஸ்டாபீஸ், கோவில், திரும்ப வீடு. ஐந்து தெருவுக்கு மேல் அதை நான் வேலை வாங்கியதே இல்லை. காலையில் தெருவில் நெசவுக்காரர்கள் தறிக்கான பாவு நூலை நீளமாக இழுத்துப் போட்டிருப்பார்கள். அதைச் சுருட்டி எடுக்கும்வரை அரைமணி நேரம் வண்டி நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருக்கும். காருக்கு நல்ல ஓய்வு என்று சந்தோஷப்பட்டேன். டிரைவர் திருமலையோ பதினெட்டு வருஷம் பஸ் ஓட்டினவன். ஸ்டியரிங் இடது பக்கம் இருப்பதில் முதல் வாரம் அவனுக்குக் கொஞ்சம் பேஜாராக இருந்ததே தவிர, மற்றபடி கெட்டிக்காரன். எங்கே சரிவு வந்தாலும் உடனே சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்து வண்டியை உருட்டியே கொண்டுவந்துவிடுவான். மெச்சிக்கொண்டு தமிழ் வருஷப் பிறப்புக்கு அவனுக்கு ஒரு வேட்டி வேறு எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்து பில்டர் சமாசாரம். தாங்கள் எழுதிக் கொடுத்த எட்டு இலக்க நம்பருடன் ஜூன் மாதம் நானே வேலூருக்குப் பஸ் ஏறிப் போனேன். கடைக்காரர் மூன்று பில்டரை எடுத்து மேஜைமேல் வைத்தார். மூன்றும் ஒரே உயரம், ஒரே பருமன். நம்பரைக் காட்டினேன். "நம்பரெல்லாம் கம்பெனிக்காரன் போட்டுக்கறது சார். திருகற மரை ஒண்ணுதான், மாட்டினா மாட்டிக்கும்" என்றார். பட்டு நெய்யும் ஆரணியில் பிறந்தவனுக்குக் கையில் வைத்துக் கனம் பார்க்காமல் எதையும் வாங்கத் தெரியுமா? மூன்றையும் தூக்கிப் பார்த்தேன், நகத்தால் தட்டிப் பார்த்தேன், வெளிச்சத்தில் திருப்பிச் சாயம் பார்த்தேன். நல்ல கனமாக, மயில்கழுத்து நீலத்தில் இருந்ததை எடுத்துக்கொண்டு வந்து, களம்பூர் ரோட்டில் லாரி வேலை பார்க்கும் மெக்கானிக் பொன்னுசாமியிடம் கொடுத்தேன். அவன் சாயங்காலம் காரைக் கொண்டுவந்து விட்டு, "பில்டர் மாத்தியாச்சு சார். ஆயில் கொறஞ்சி இருந்துது, மேலாக்க ஊத்திட்டேன். இருக்கற ஆயில எதுக்குக் கீழ கொட்டணும்? பழசுல ஊறினாதான் புது ஆயிலுக்கு வலு" என்றான். விருத்தாம்பாள் ஊறுகாய் ஜாடியில் செய்வதும் அதுதானே என்று எனக்கும் அது நியாயமாகப் பட்டது.

போன வாரம் ஆடி கடைசி வெள்ளி. படவேட்டு அம்மனைப் பார்த்தே ஆகவேண்டும் என்று தங்கள் தாயார் சொன்னார்கள். ரேணுகா, தங்கள் தாயார், நான், மூவரும் போய்க் கண்குளிரத் தரிசனம் செய்துவிட்டு, போளூரில் சாப்பிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். போளூரைத் தாண்டியதும் டிரைவர் திருமலைக்கு எதிரே இருக்கும் பலகையில் பளிச்சென்று சிவப்பாக ஒன்று எரிந்தது. முதலில் பார்த்தவர் தங்கள் தாயார்தான். ஒரு குழிவான கிண்ணம், ஒரு பக்கம் மூக்கு, மூக்கின் நுனியில் ஒரு சொட்டு. "அய்யோ, ரேணுகா, அங்க பாருடி! காமாட்சி வௌக்கு எரியுது!" என்று கூவினார்கள். எட்டிப் பார்த்தேன். அச்சாக அதேதான். "போவசொல்ல எரியலியே திருமலை?" என்று கேட்டார்கள். "இல்லீங்கம்மா. இப்பத்தான் தானா ஏறிச்சு" என்றான் அவன். "ஆத்தா கூடவே வந்துகினு கீறாடா. நிறுத்தாத, வீடு போய் சேர வரைக்கும் எங்கியும் நிறுத்தாத" என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ரேணுகா மட்டும், "அத்தே, அது ஏதோ எச்சரிக்கை மாதிரி தெரியுதே, ஒரு நிமிஷம் நிறுத்திப் பாக்கலாமே" என்றாள். அவளை நான்தான் அடக்கினேன், மாப்பிள்ளை. அடக்கியதோடு நிற்காமல் செருப்பையும் கழற்றி வைத்தேன். அந்த விளக்கை வணங்கிக்கொண்டே ஐந்து மைல் ஓடினோம்.

அதன்பிறகு சீட்டி அடிப்பதுபோல் ஒரு சத்தம் எழுந்தது. சங்கு ஊதுகிறது என்றார்கள் தங்கள் தாயார். பிறகு உரலில் இடிப்பதுபோல் ஒரு சத்தம். அதற்கு யாரும் விளக்கம் சொல்லவில்லை. களம்பூர் ரைஸ்மில் வாசலுக்கு வரும்போது பின்னால் நீலப் புகை கிளம்பி, காயப்போட்டிருந்த நெல்லும் தெரியவில்லை, நெல் துழாவிக்கொண்டிருந்த பெண்களும் தெரியவில்லை. "தீப்புடிச்சிச்சு, ஜல்தி எறங்குங்க!" என்று மில்லிலிருந்து யாரோ கத்த, ஐம்பது வயதுக்கு மேல் ஓடாத தங்கள் தாயார் என்னை முந்திக்கொண்டு ஓடினார்கள். நெல் அவிக்க வைத்திருந்த அண்டாத் தண்ணீரை நாலு பேர் தூக்கி வந்து தங்கள் காரின் தலையில் கவிழ்த்தார்கள். வெறும் காலோடு அந்தக் களத்தில் நின்று பார்த்தேன். விளக்கு அணைந்திருந்தது. என்ஜினும் அணைந்திருந்தது. மில் லாரியில் கயிறு கட்டித்தான் ஊர் வந்து சேர்ந்தோம். பொன்னுசாமி வந்து பார்த்துவிட்டு, பேட்டரி வீக் என்றான்.

எனக்கு மனம் ஒப்பாமல் ராணிப்பேட்டையிலிருந்து ராமதாஸ் என்பவரை வரவழைத்தேன். மிலிட்டரியில் வண்டி வேலை பார்த்தவர், அதிகம் பேசாதவர். என்ஜினின் மேல் மூடியைக் கழற்றினார். "ஒரு கரண்டி குடுங்கம்மா" என்றார். விருத்தாம்பாள் பாயசக் கரண்டியைக் கொடுத்தாள். உள்ளே விட்டு அள்ளினார். கன்னங்கரேல் என்று ஏதோ வந்தது. கரண்டியைக் கவிழ்த்தார். அது விழவில்லை. உதறினார். அப்போதும் விழவில்லை. "இது என்னங்க?" என்றேன். "உங்க ஆயில்தாங்க" என்றார்.

நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "டர்போன்றது புகையோட வேகத்துல சுத்தற விசிறி. நிமிஷத்துக்கு லட்சம் சுத்து. அது ஒக்காந்து சுத்தற மெத்தையே ஆயில்தாங்க. சூட்டோட சூடா சாவிய அணைச்சா ஆயில் ஓட்டம் நின்னு அங்கயே கருகிப் போவுது. நாலு தெரு சுத்தற ஓட்டத்துலயோ என்ஜினுக்கு சூடே ஏறல, உள்ள வேர்த்த தண்ணி ஆயில்ல கலந்துகினே கீது. ரெண்டும் சேந்தா களிதான். அடியில ஆயில் உறிஞ்சற சல்லடைய இந்தக் களி அடைச்சிகிச்சு. ஆயில் ஏறலன்னு சொல்லத்தான் அந்த எண்ணெய்க் கேன் லைட் எரிஞ்சிது. எரிஞ்ச அந்த நிமிஷமே அணைச்சிருக்கணும்." தங்கள் தாயார் முகத்தை நான் பார்க்கவில்லை. அவர்களும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகு அவர் பில்டரைக் கழற்றப் பார்த்தார். அது கல்லாக இறுகியிருந்தது. "ஜூன்ல மாத்தின பில்டர் இப்படிப் புடிக்காதே" என்று கூட நின்ற பொன்னுசாமியைத் திரும்பிப் பார்த்தார். பொன்னுசாமி தலையைச் சொறிந்தான். "அது கழலவே மாட்டேன்னுடுச்சிங்க. சார் ஆசையா வாங்கியாந்து குடுத்தாரு, முடியலன்னு எப்படி சொல்றது? மேலாக்க ஒரு நீலப் பெயிண்ட் அடிச்சிட்டேன்" என்றான். நான் வாங்கிய பில்டர்? அவன் ஷெட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் குங்குமப் பொட்டோடு இருந்ததாம். அதைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்த ராமதாஸ் மூக்கின்மேல் விரலை வைத்தார். "இது டிராக்டருதுங்க. வண்டிய நிறுத்தினா பில்டர்ல கீற ஆயில் திரும்ப வழியாம புடிச்சி நிறுத்த உள்ள ஒரு ரப்பர் அடைப்பு இருக்கணும். இதுல அதுவே இல்ல. இத மாட்டியிருந்தா ஒவ்வொரு தடவ ஸ்டார்ட் பண்ணசொல்லயும் டர்போ ஆயில் இல்லாம காஞ்சி சுத்தியிருக்கும். மரை ஒண்ணா இருந்தா மட்டும் போதாதுங்க." ஆக, நான் தேர்ந்தெடுத்த பில்டர் மாட்டப்படாமல் போனதுதான் தங்கள் காருக்கு நான் செய்த ஒரே நன்மை.

என்ஜினை இறக்கி ராணிப்பேட்டைக்குக் கொண்டுபோயிருக்கிறார். பிழைத்துவிடும் என்கிறார். தாங்கள் அந்த எட்டு இலக்க நம்பரிலேயே இரண்டு பில்டர் அங்கிருந்து அனுப்பிவைக்கவும். இனி கண்ணை மூடிக்கொண்டு தாங்கள் சொன்னபடி செய்வேன். தங்கள் தாயார் மூன்று நாளாக என்னோடு பேசுவதில்லை. "எம் புள்ள அந்தக் கார கண்ணாடி மாதிரி வெச்சிகினு இருந்தான். இந்த வூட்டுக்கு வந்துதான் சீரழிஞ்சிது" என்று சுவரைப் பார்த்துச் சொல்கிறார்கள். ரேணுகா சமையற்கட்டை விட்டு வெளியே வருவதில்லை. சகல தப்பும் என்னுடையது, மாப்பிள்ளை. நிறுத்தச் சொன்ன ஒரே ஆள் அவள்தான். அவளை மட்டும் ஒரு வார்த்தை கேட்டுவிடாதீர்கள். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டி எழுதுங்கள். எல்லோர் எதிரிலும் நானே உரக்கப் படிக்கிறேன்.

தாங்கள் நீண்ட ஆயுளோடும் நிறைந்த சம்பத்தோடும், கோபம் மட்டும் குறைந்தும் வாழ, படவேட்டு அம்மனை வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்புள்ள மாமனார்,
சுப்பராயலு

பின்குறிப்பு (24-8-86): தபால்தலை வாங்காததால் இக்கடிதம் மூன்று நாள் மேஜைமேலேயே இருந்துவிட்டது. இன்று காலை ராமதாஸ் வந்தார். உளி வைத்துக் கழற்றிய பில்டரை நியூஸ்பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். பெட்ரோல் போட்டுத் துடைத்ததில் நீலப் பெயிண்டுக்கு அடியில் ஒரு லேபிள் இருந்தது. குவைத் கடை லேபிள். எழுத்தெல்லாம் அரபி, எண்கள் மட்டும் இங்கிலீஷ். பில்டர் மாட்டிய தேதி 11-3-1982. மாட்டியபோது கார் ஓடியிருந்தது 1,040 கிலோமீட்டர். போய் மீட்டரைப் பார்த்தேன்: 61,300. "ஆறு மாசத்துல இவ்ளோ களி கட்டாதுங்க. இது நாலு வருஷக் களி. பெரியவர் கடைசியா ரெண்டு கரண்டி சேத்துருப்பாரு, அவ்ளோதான்" என்றார் ராமதாஸ்.

தங்கள் தாயார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்தத் தேதியை என்னை இரண்டு முறை படிக்கச் சொன்னார்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை, மாப்பிள்ளை. என் ஸ்தானத்தில் கேட்கவும் கூடாது. மேலே கண்ட மன்னிப்பில் பாதியை மட்டும் இதன்மூலம் ரத்து செய்துகொள்கிறேன். தங்கள் தாயார் தனியாக ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இப்போது நாலாவது பக்கம். கவரில் விலாசம் எழுத ரேணுகா பேனாவோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அத்தைக்கு ஏதாவது வார்த்தை அகப்படாவிட்டால், அவள்தான் எடுத்துக் கொடுக்கிறாள்.