திருமேனி துரையின் இருபத்தைந்து ஹவானாக்கள்

“சட்டப்படி அறுத்துட்டேன்ண்ணா” என்று சொல்லிவிட்டு, கேட் வாச்மேன் காத்தவராயன் அந்த மரப்பெட்டியைச் சமையலறை மேஜைமேல் வைத்தான்.

பட்லர் ஏனோக் மூடியைத் திறந்தார். உள்ளே இருபத்தைந்து ஹவானா சுருட்டுகள். ஒவ்வொன்றும் கருவாட்டுக்குக் கீறிய மீனைப் போலத் தலையிலிருந்து கால்வரை பிளந்து கிடந்தது. இடுப்பில் சுற்றியிருக்கும் தங்க நிறக் காகிதப் பட்டைகளை மட்டும் பத்திரமாகக் கழற்றி ஓரத்தில் அடுக்கியிருந்தான்.

“அடப்பாவி! இது யாரு பொட்டின்னு தெரியுமா உனக்கு?”

“தொர பொட்டி.”

“தெரிஞ்சுமா அறுத்தே?”

“கேட்டத் தாண்டி எந்தச் சுருட்டும் முழுசா போவக்கூடாதுன்னு தொரயே எழுதி ஒட்டிக்கீறாரே. யாரு சுருட்டா இருந்தா இன்னா? சட்டம் சட்டம்தான?”

அது உண்மைதான். தங்கச் சுரங்கத்தின் தாது அரைக்கும் மில்லில் வேலை செய்த ஒருவன் சுருட்டுக்குள் தங்கத்தூளைத் திணித்து வெளியே கொண்டுபோனது பிடிபட்ட நாளிலிருந்து, சுரங்கத்தின் கேட்டைத் தாண்டுகிற ஒவ்வொரு சுருட்டையும் நெடுக அறுத்துப் பார்த்துவிட்டுத்தான் விடுவார்கள். துரையின் பங்களாவும் அதே வேலிக்குள்தான் இருந்தது. காத்தவராயன் மூன்று வருஷமாக அறுக்கிறான். அந்த வேலைக்கென்றே இடுப்பில் ஒரு சின்னக் கத்தி வைத்திருந்தான்.

“ஷிப்ட்டுக்கு நேரமாச்சு, வர்றேன்ண்ணா” என்று அவன் நழுவிவிட்டான்.

சுரங்கத்து சூப்பரிண்டெண்ட் டிரெமெய்ன் துரையை ஊரில் எல்லோரும் திருமேனி துரை என்றுதான் சொல்வார்கள். லண்டனிலிருந்து கம்பெனியின் பெரிய துரை வருகிறார். அவரை அழைத்துவர திருமேனி துரை மாரிகுப்பம் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறார். பகல் ஒரு மணிக்குச் சாப்பாடு. சாப்பாட்டுக்குப் பின் சுருட்டு. பெரிய துரை கையெழுத்துப் போட்டால்தான் நம் துரைக்கு இன்னும் ஐந்து வருஷம் வேலை. போடாவிட்டால் புதுத் துரை வருவார். புதுத் துரை தன் பட்லரைக் கூடவே கொண்டுவருவார். ஏனோக் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு வேலூருக்கு வண்டியேற வேண்டியதுதான்.

பெரிய துரைக்கு உலகத்தில் பிடித்தது ஒன்றே ஒன்று, ஹவானா சுருட்டு. கியூபாவிலேயே மூன்று வருஷம் இருந்தவராம். ‘என்னிடம் இருக்கும் ஹவானாவை நீங்கள் லண்டனிலும் பார்த்திருக்க மாட்டீர்கள்’ என்று நம் துரை கடிதத்துக்குக் கடிதம் பீற்றிக்கொண்டிருந்தார். அந்தக் கடிதங்களைத் தபாலில் சேர்த்தவர் ஏனோக்தான்.

ஏனோக்கும் இந்த விஷயத்தில் லேசுப்பட்டவர் இல்லை. துரை சுருட்டில் மூன்றில் இரண்டு பங்கைப் பிடித்துவிட்டு மிச்சத்தைச் சாம்பல் தட்டில் வைத்துவிடுவார். அந்த மிச்சம் பட்லரின் உரிமை. எட்டு வருஷமாக ஏனோக் கியூபாவைக் கடைசிப் பங்கிலிருந்து அறிந்துவந்தார். ஒரு கையில் துரையின் ஹவானாத் துண்டு, இன்னொரு கையில் தன் சொந்தத் திண்டுக்கல் சுருட்டு என்று மாற்றி மாற்றி இழுத்து ஒப்பிட்டுப் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டதும் கடைத்தெருவில் அவரைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்பார்கள்.

“அவானா சாம்பலு ஒரு விரக்கட நீளம் நிக்கும், வுழாது” என்பார். “திண்டுக்கல்லு சாம்பலு ரெண்டு இழுப்புல மடியில கெடக்கும். அவானா நாக்கக் கடிக்காது. திண்டுக்கல்லு கடிச்சுட்டு, ‘இன்னா?’ன்னு வேற கேக்கும்.”

“கூபா எங்கண்ணா கீது? பூதிகோட்டைக்கு அந்தாண்டையா?”

“கடலுக்கு அந்தாண்டடா! அந்த மண்ணு வேற. அந்தக் காத்து வேற. நம்மூரு எலைய தங்கத் தண்ணில முக்கி எடுத்தாலும் அந்த மணம் வருமா?”

துரை மாதம் ஒருமுறை பெங்களூர் போய்த் தாமே பெட்டியை வாங்கிவருவார். ஏனோக்கைக்கூட அனுப்ப மாட்டார். துரையின் சாரட்டைக் கேட்டில் யாரும் நிறுத்துவதில்லை என்பதால் பெட்டி இதுவரை முழுசாகவே வந்து சேர்ந்தது. நல்ல பொருளின் அருமை தெரிந்தவர் என்று ஏனோக்குக்கு அதில் தனிப் பெருமை.

அப்படிப்பட்ட சுருட்டுகள்தான் இப்போது வாய் பிளந்து கிடந்தன. ஏனோக்குக்கு அழுகையே வந்துவிட்டது.

“இன்னாங்க, யாரு செத்தது?” என்று கேட்டுக்கொண்டே மனைவி ஐடா வந்தாள். பெட்டியைப் பார்த்தாள். “ப்பூ, இவ்ளோதானா? கஞ்சி போட்டு ஒட்டினாப் போச்சு.”

“அவானாவுக்குக் கஞ்சியா?”

“வேற இன்னா இருக்குது உங்ககிட்ட?”

வேறு ஒன்றும் இல்லை. ஐடா அரிசிக் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சினாள். இருவரும் உட்கார்ந்து இருபத்தைந்தையும் தடவி, மூடி, நூல் சுற்றி, கொல்லைப்புறத்தில் பாயில் பரப்பினார்கள். பத்தரை மணிக்கு ஏனோக் போய்ப் பார்த்தபோது கஞ்சி காயவில்லை. எறும்பு மட்டும் வரிசை கட்டி வந்திருந்தது. ஊதி ஊதி எறும்பை விரட்டினார். நூலை அவிழ்த்தால் சுருட்டு மறுபடி வாயைத் திறந்தது.

“ஈரம் போவல. அதான்” என்றாள் ஐடா. “இஸ்திரிப் பொட்டி சூடாத்தான் கீது. மேலாக்க ஒரு இழுப்பு இழுத்துடட்டுமா?”

ஏனோக் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் ஐந்து சுருட்டுகள் அப்பளமாகிவிட்டன. ஆறாவது புகையத் தொடங்கியது. ஐடா அதை ஈரத் துணியால் அடித்து அணைத்தாள்.

“நல்லாத்தான் பத்துது” என்றாள்.

“ஏன்டி, என் வயித்தெரிச்சல ஏன் கொட்டிக்கிறே?” என்று ஏனோக் எல்லாவற்றையும் ஒரு கூடையில் வாரிப் போட்டுக்கொண்டு, பங்களாவின் பின்பக்கம் வேலியில் இருந்த சந்து வழியாகக் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லைனுக்கு ஓடினார். அந்தச் சந்தில் காவல் கிடையாது. துரை வீட்டுக் கோழி முட்டைகள் எல்லாம் அந்த வழியாகத்தான் லைனுக்குப் போகும்.

லைனில் கடைசி மூங்கில் தட்டிவீட்டில் மங்கம்மா சுருட்டுச் சுற்றிக்கொண்டிருந்தாள். ஆந்திரக் கடலோரத்திலிருந்து வந்தவள். அவளும் சுருட்டுப் பிடிப்பாள். ஆனால் நெருப்புப் பக்கத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டு பிடிப்பாள். அப்படியே பேசவும் செய்வாள்.

“இன்னா பட்லரே, கூடையில இன்னா எலிங்களா?”

“எலி இல்ல மங்கம்மா, அவானா. கொஞ்சம் அடிபட்டுப் போச்சு. மேலெலைய மட்டும் மாத்தி, பழையபடி உருட்டிக் குடு. பன்னெண்டரைக்குள்ள வேணும். என் பொழப்பே உன் கையிலதான் கீது.”

மங்கம்மா ஒன்றை எடுத்துப் பிரித்து மோந்து பார்த்தாள். “இது எங்கியோ பாத்த எலையா கீதே?”

“உனக்கெப்பிடித் தெரியும்? கப்பல்ல வந்த எல!”

“எல எங்க வந்தா இன்னா, எல எலதான். நீ போய் வேலையப் பாரு.”

ஏனோக் திரும்பிப் போய் கோழி ரோஸ்டையும் புட்டிங்கையும் கவனித்தார். உப்புப் போட வேண்டிய இடத்தில் சர்க்கரை போடப் போனவரை ஐடா கையைப் பிடித்துத் தடுத்தாள். பன்னிரண்டேகாலுக்கு மறுபடி லைனுக்கு ஓடினார்.

மங்கம்மா முறத்தில் இருபத்தைந்து சுருட்டுகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். ஒன்றுபோல இன்னொன்று, பளபளவென்று எண்ணெய் தேய்த்த மாதிரி இருந்தன. ஏனோக்குக்குக் கண் கலங்கிவிட்டது.

“நீ மவராசி மங்கம்மா! மேலெல மாத்தினதே தெரியல.”

“மேலெலையா? பூராவும் மாத்திட்டேன்.”

“இன்னா?”

“உங்க எல பூரா கஞ்சி நாத்தம், எறும்பு வேற. அதையெல்லாம் குப்பையில கொட்டிட்டேன். என்கிட்ட நல்லா பதமான எல இருந்துச்சு, அதுலயே சுத்திட்டேன். கருப்பட்டித் தண்ணி தெளிச்சுக்கீறேன். பட்லர் கேட்டாரேன்னு ஒரு கை கூடவே தெளிச்சேன்.”

ஏனோக் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். கியூபாவில் மூன்று வருஷம் இருந்தவரின் வாயில் மங்கம்மாவின் கருப்பட்டிச் சுருட்டு! முதல் இழுப்பிலேயே துப்பிவிடுவார். அழுதுகொண்டிருக்க நேரமில்லை. முறத்தோடு பங்களாவுக்கு ஓடிவந்து, கத்தரிக்கோலால் நுனியை மழுங்க வெட்டி, தங்கப் பட்டைகளை ஒவ்வொன்றாக மாட்டி, பெட்டியில் அடுக்கி முடித்தபோது வாசலில் சாரட்டு வந்து நின்றது.

சாப்பாடு நன்றாகவே நடந்தது. பெரிய துரை கோழியை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். திருமேனி துரைதான் ஏனோ வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். துரைகள் பேசிய ஆங்கிலம் எட்டு வருஷப் பழக்கத்தில் ஏனோக்குக்கு நன்றாகவே விளங்கும்.

“எங்கே டிரெமெய்ன், உங்கள் புகழ்பெற்ற ஹவானா?” என்றார் பெரிய துரை.

திருமேனி துரை தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “ஏனோக், கேட்டிலிருந்து பெட்டி வந்ததா?”

“வந்துச்சு தொரை.”

“அதில் ஏதாவது… கெடுதல்?”

“ஒரு கொறையும் இல்ல தொரை. அப்படியே முழுசா கீது” என்று சொல்லி ஏனோக் பெட்டியைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து திறந்தார்.

திருமேனி துரையின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. கையிலிருந்த கரண்டி தட்டில் விழுந்தது. ஒரு சுருட்டை எடுத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஏனோக்கை ஒரு பார்வை பார்த்தார். அது கோபமா பயமா என்று ஏனோக்குக்குப் புரியவில்லை.

“இந்த வெயிலில் சுருட்டு உடம்புக்கு ஆகாது என்று டாக்டர் சொல்கிறார்” என்றார் துரை. “டீ சாப்பிடலாமே?”

“டாக்டர் கிடக்கிறார்” என்று பெரிய துரை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டார். “ஹவானா வேறு, மற்றவை வேறு, டிரெமெய்ன். மணிலா, பர்மா, உங்கள் திண்டுக்கல் எல்லாம் எனக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். மற்றவை வெறும் புகை. ஹவானா பேசும். என்னை ஏமாற்ற இன்னும் ஒருவன் பிறக்கவில்லை.”

ஏனோக் நெருப்பைக் கொளுத்திப் பிடித்தார். திருமேனி துரை நெற்றியைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்து, கையெழுத்தை நினைத்துத்தான் பாவம் பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டார்.

பெரிய துரை இழுத்தார். கண்ணை மூடினார். புகையை விட்டார். மறுபடி இழுத்தார். நெற்றி சுருங்கியது.

“இல்லை” என்றார். ஏனோக் சுவரைப் பிடித்துக்கொண்டார். “நான் மூன்று வருஷம் அங்கே இருந்தேன். இந்தச் சுருட்டு எனக்கு அங்கே கிடைக்கவில்லை.”

திருமேனி துரை நாற்காலியில் சரிந்தார்.

“கிடைக்கவும் கிடைக்காது!” என்று பெரிய துரை மேஜையைத் தட்டினார். “இதையெல்லாம் வெளியே விற்க மாட்டார்கள். தோட்டக்காரன் தனக்கென்று ஒதுக்கி வைத்துக்கொள்வது இது. அடியில் ஓடும் அந்த இனிப்பைக் கவனித்தீர்களா? அது கியூபா மண்ணின் இனிப்பு. வேறு எந்த நாட்டு இலைக்கும் ஏழு ஜன்மத்துக்கும் வராது. எப்படிப் பிடித்தீர்கள் இதை?”

“தெரிந்தவர் ஒருவர் மூலமாக” என்றார் திருமேனி துரை பலவீனமாக.

பெரிய துரை இரண்டாவதையும் பற்றவைத்தார். அதை முடிப்பதற்குள் ஐந்து வருஷத்துக்கான காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். மிச்சத்தை லண்டனுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டார். தாராளமாக என்று துரை பெட்டியையே தூக்கிக் கொடுத்தார். ஒன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார்.

நான்கு மணி ரயிலுக்கு விருந்தாளியை அனுப்பிவிட்டு வந்த திருமேனி துரை நேரே சமையலறைக்கு வந்தார். அவர் சமையலறைக்குள் வந்தது அதுவே முதல் தடவை. ஏனோக்கின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஏதோ கேட்க வந்தவர், கேட்பதை விட்டுவிட்டு, தாம் எடுத்து வைத்திருந்த அந்த ஒரு சுருட்டை ஏனோக்கின் சட்டைப் பையில் செருகிவிட்டுப் போய்விட்டார்.

“முழுசு!” என்றாள் ஐடா.

“பாவம், நல்ல மனுஷன். ஒண்ணும் தெரியாது” என்றார் ஏனோக். அவருக்கு மனசு நிறைந்திருந்தது. வேலூர் வண்டி இனி ஐந்து வருஷத்துக்கு இல்லை. ஹவானாவுக்கும் நம்மூர் இலைக்கும் வித்தியாசம் தெரிந்த ஒரே ஆள் இந்தத் தங்க வயலில் தான்தான் என்பதும் இன்றைக்கு ருசுவாகிவிட்டது. பின்படியில் உட்கார்ந்து மங்கம்மாவின் சுருட்டைப் பற்றவைத்தார். பரவாயில்லை, மோசமில்லை. ஆனால் ஹவானா ஆகுமா?

ஷிப்ட் முடிந்து காத்தவராயன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

“வாடா” என்றார் ஏனோக் பெருந்தன்மையாக. “நீ பண்ண காரியத்துக்கு உன்னத் தூக்கி ஷாப்ட்டுக் குழியில போட்டிருக்கணும். போவட்டும், மன்னிச்சுட்டேன். ஆனா ஒண்ணு சொல்லு. அசல் கூபா அவானா, அத அறுக்க உனக்கு எப்பிடிடா மனசு வந்துச்சு?”

காத்தவராயன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குனிந்து சொன்னான்:

“பெரிய தொர வர்றதுக்குள்ள ஒண்ணு விடாம அறுத்துடு, அவரு ஊருக்குப் போற வரைக்கும் வாயத் தொறக்காதேன்னு நம்ம தொரயேதான்ண்ணா காலையில பொட்டியக் கொண்டாந்து குடுத்தாரு; எதுக்குடான்னு நானும் முழிச்சேன், அறுத்துப் பாத்தாத்தான தெரியுது, எட்டு வருசமா நீங்க ரெண்டு பேரும் ஊதுனது பூரா திண்டுக்கல்லு!”