தரைப்பாலத்துச் சங்கு

"ஏ பிள்ள, வெள்ளம் எங்கன வந்திருக்கு? காட்டு பாப்போம்!"

டவுன் பஸ்ஸை நடுரோட்டில் நிறுத்திவிட்டு இறங்கிய டிரைவர் மந்திரமூர்த்தி, தரைப்பாலத்தின் முனையில் நின்று கத்தினார். கீழே தாமிரபரணி கணுக்கால் அளவுக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கொக்கு நடந்தே ஆற்றைக் கடந்தது. கம்பத்திலிருந்த சங்கு மட்டும் ஊரே முழுகிவிட்டதுபோல அலறியது.

இசக்கிச்செல்விக்கு அந்தக் கொக்கோடு சேர்ந்து அக்கரைக்குப் போய்விடலாமா என்றிருந்தது.

பாளையங்கோட்டையில் இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கும் அவளும் எபியும், ஏரலுக்கு மேற்கே உள்ள இந்த ஊருக்குச் செய்துகொடுத்த வெள்ள எச்சரிக்கைக் கருவி அது. பாலத்துக்கு அடியில் தொங்கும் பெட்டி, கீழே தண்ணீர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளக்கும். தண்ணீர் கிட்டே வந்துவிட்டால் சங்கு ஊதும். சங்கு ஊதினால் எந்த வண்டியும் பாலத்தில் ஏறக்கூடாது என்பது பஞ்சாயத்து உத்தரவு. வெள்ளிக்கிழமை பேராசிரியை சபீதா நேரில் பார்த்து மார்க் போடுவார். அதற்குள் இது வாயை மூடாவிட்டால் ஒரு வருஷ உழைப்பும் வீண்.

"காக்கா வந்து உக்காருது போல" என்றான் எபி.

வலை கட்டினார்கள். மறுநாள் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை ஊதியது.

"காத்துல ஆடுது செல்வி. எறக்கிக் கட்டுவோம்."

இரண்டடி இறக்கிக் கட்டினார்கள். அன்றைக்கு நாலு தடவை! ஒவ்வொரு தடவையும் மந்திரமூர்த்தி பிரேக்கை மிதித்து, இவளைத் திட்டித் தீர்த்தார். ஊர்ச்சனம் ஓடிவந்து பஸ்ஸை மொய்த்தது. சங்கு ஓய்ந்து பஸ் கிளம்பியதும் ஒருவர் மிச்சமில்லாமல் காணாமல் போனார்கள். தன் மானம் போவதை வேடிக்கை பார்க்க இத்தனை பேரா என்று செல்வி குன்றிப்போனாள்.

போதாக்குறைக்குப் பூக்காரி வடிவம்மாள் அவள் கன்னத்தை வழித்து, "நீ நல்லாருப்ப தாயி. ஊருக்குப் பெரிய உபகாரம் பண்ணிட்ட" என்றாள். குத்திக்காட்டுவதற்கும் ஓர் அளவு வேண்டாமா?

வியாழக்கிழமை செல்வி புரோகிராமையே மாற்றினாள். தண்ணீர் பத்து நிமிஷம் உயர்ந்தே நின்றால்தான் இனி சங்கு ஊதும்.

வெள்ளிக்கிழமை காலை எட்டேகால். சபீதா மேடம் குடையோடு நின்றார். தினமும் அலறுகிற நேரம்.

சங்கு வாயே திறக்கவில்லை. பஸ் வந்தது, பாலத்தில் ஏறியது, கடகடவென்று போயே போய்விட்டது. மந்திரமூர்த்தி இவளைப் பார்த்து ஒரு கும்பிடுகூடப் போட்டார்.

"வெரி குட்" என்று மேடம் பேனாவைத் திறந்தார்.

"அய்யய்யோ!"

புளியமரத்தடியிலிருந்து ஊரே கத்தியது. யூனிபாரம் போட்ட பிள்ளைகள், டிபன் தூக்கோடு வேலைக்குப் போகிறவர்கள், வாழை இலைக் கட்டோடு ஒரு கிழவர், எல்லாரும் தலையில் கை வைத்து நின்றார்கள். செல்வி திரும்பிப் பார்த்தாள். அப்படி என்ன நடந்துவிட்டது?

பாலத்துக்கு அடியிலிருந்து ஈரச்சேலையோடு மூச்சிரைக்க ஏறி வந்தாள் வடிவம்மாள். கையில் ஒரு சில்வர் தட்டு.

"என்ன பிள்ள பண்ணித் தொலைச்ச? பெட்டிக்கு நேரா தட்டைப் பிடிச்சுப் பிடிச்சு கை கடுத்துப்போச்சு, ஊதவே மாட்டேங்கு! இந்தச் சங்கு ஊதாம நம்மூர்ல என்னைக்குப் பஸ்ஸு நின்னுருக்கு?"