மோட்டார் போட்ட குற்றம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்யும் ஒரு கம்பெனியில் ஒரு சுற்றறிக்கை வந்தது. ஊழியர் ஒவ்வொருவரும் தாம் அன்றாடம் ஆற்றும் பொறுப்புகளை, தரமான ஆபீஸ் இங்கிலீஷில், ஒரு பக்கத்துக்குக் குறையாமல் எழுதித் தர வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் தராதவருக்கு வேலையே இல்லை என்று கருதப்படும். வேலை இல்லாதவரைக் கம்பெனி ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்? நியாயமான கேள்விதானே!

கோதண்டம் சுற்றறிக்கையை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டார். இருபத்தாறு வருஷமாக அவர் அங்கே மோட்டார் போடுகிறவர். காலை ஆறு மணிக்கு போர்வெல் மோட்டாரைப் போடுவார், மாடி டேங்க் நிரம்பினால் நிறுத்துவார். கேட்க இவ்வளவுதான். ஆனால் அந்த ஸ்டார்ட்டர் இருக்கிறதே, அது ஒரு சண்டி. பச்சை பட்டனை அழுத்தி, நிதானமாகப் பதினேழு எண்ணும் வரை கட்டைவிரலை எடுக்கக் கூடாது. பதினாறில் எடுத்தால் நின்றுவிடும், பதினெட்டுக்குப் போனால் ஃபியூஸ் போய்விடும். இந்தச் சூட்சுமம் அவர் ஒருத்தருக்குத்தான் தெரியும். ரிட்டயராக இன்னும் இரண்டு வருஷம். மகள் கிருஷ்ணப்பிரியாவின் நர்சிங் படிப்பு முடியவும் அதே இரண்டு வருஷம். நடுவில் வேலை போனால் எல்லாம் போச்சு.

தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அவரே எழுதினார். மார்னிங் மோட்டார் ஆன். டேங்க் ஃபுல், மோட்டார் ஆஃப்.

ஹெச்.ஆர். ஆபீசர் கோகுல்நாத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வந்து மூணு மாசமான பையன், கழுத்துப் பட்டையில் அடையாள அட்டை ஊஞ்சலாடியது.

"என்னண்ணா இது, ரெண்டே வரி?"

"ரெண்டு வேலதான சார் கீது."

"இது வேலை. நான் கேட்டது பொறுப்பு."

"ரெண்டும் ஒண்ணு இல்லியா சார்?"

"எப்படி ஒண்ணாகும்? வேலை இருக்கிறவங்க வேலை செய்வாங்க. பொறுப்புல இருக்கிறவங்க செய்ய மாட்டாங்க."

கோதண்டம் யோசித்துப் பார்த்தார். இருபத்தாறு வருஷம் அங்கே அவர் பார்த்த வரைக்கும் அது உண்மையாகத்தான் இருந்தது.

சாயங்காலம் திருமுல்லைவாயில் ஸ்டேஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குப் போனார். கடைக்காரி சுதா, கேட்டவருக்குக் கேட்ட இங்கிலீஷ் அடித்துக் கொடுப்பவள். கம்பெனியில் பாதிப் பேர் ஏற்கெனவே அவளிடம் வந்து போயிருந்தார்கள். கால் மணி நேரம் தட்டினாள்.

"இதுல மோட்டார்னு எங்கம்மா கீது?"

"அந்த வார்த்தையெல்லாம் வரக்கூடாதுண்ணா. வந்தா சீப்பா தெரியும்."

"அப்போ தண்ணி?"

"அதுவும்தான்."

தமிழில் சொல்லச் சொன்னார். அவள் சொன்னாள்: 'நிறுவனத்தின் திரவ வளங்களைத் தொலைநோக்கோடு மேல்நிலைக்கு உயர்த்தி, சகல துறையினரின் அடிப்படைத் தேவைகளுக்கும் தலைமையேற்று, ஓட்டத்தின் தொடக்கமும் முடிவும் குறித்து உரிய நேரத்தில் தீர்மானம் எடுத்து வருகிறேன்.'

"அம்மாடி! இவ்ளோவா நான் செஞ்சிகினு கீறேன்?" என்றார் கோதண்டம். கண் கலங்கிவிட்டது மனுஷனுக்கு. கையெழுத்தைப் போட்டார்.

தலைமை ஆபீசில் அதைப் படித்தவர்கள் ஆடிப்போனார்கள். இப்படிப்பட்ட தலைவரையா இத்தனை நாள் காக்கிச் சட்டையில் வைத்திருந்தோம்! திங்கட்கிழமை கோதண்டத்துக்கு ஒரு சுழல் நாற்காலி வந்தது. கோகுல்நாத் அவரை 'சார்' என்று கூப்பிட்டான். கூடவே ஒரு விதியையும் சொன்னான்: தலைவர் அந்தஸ்தில் இருப்பவர் எந்த சுவிட்சையும் தொடக் கூடாது. அது கடைநிலை ஊழியர் வேலை.

"சரி சார், அந்த ஊழியர் யாரு?"

கோகுல்நாத் நூற்று நாற்பது தாளையும் புரட்டினான். மோட்டார் போடுவதாக ஒருவரும் எழுதவில்லை. எனவே அப்படி ஒரு வேலை கம்பெனியில் கிடையாது. இல்லாத வேலைக்கு ஆள் எடுக்க விதியில் இடமில்லை.

செவ்வாய்க்கிழமை குழாய் இருமியது. புதன்கிழமை அதுவும் நின்றது. கேன்டீனில் அடுப்பு பற்றவைக்கவில்லை. 'நீரும் நாமும்' என்று கோகுல்நாத் ஒன்றரை மணி நேரம் படம் போட்டுக் காட்டினான். பார்த்தவர்களுக்கு விக்கல் எடுத்தது, குடிக்கத்தான் தண்ணீர் இல்லை.

அசெம்பிளி செக்‌ஷன் வசந்தா நேராகக் கோதண்டத்தின் நாற்காலி முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணா, நீங்க ஆம்பளைங்க செவுரப் பாத்து ஒதுங்கிடுவீங்க. நாங்க நாப்பது பொம்பளைங்க எங்கண்ணா போறது? காலையிலேருந்து ஒரு வாய் தண்ணி குடிக்காம ஒக்காந்துனு கீறோம். ஒரே ஒரு வாட்டி போட்டுடுண்ணா, உனக்குப் புண்ணியமாப் போவும்!"

கோதண்டத்துக்குச் சுருக்கென்றது. சே, என்ன பிழைப்பு இது என்று இருந்தது. வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குப் போனார், கட்டைவிரலை வைத்தார், பதினேழு எண்ணினார்.

தண்ணீர் வந்தது! தன் படக்காட்சியின் மகத்தான வெற்றி என்று கோகுல்நாத் தலைமை ஆபீசுக்கு மெயில் அனுப்பினான். அரை மணி நேரம் கழித்துத்தான் மோட்டார் ரூம் கேமராவில் பதிவானதைப் பார்த்தான்.

பதினோரு மணிக்கு விசாரணை.

"நீங்க கையெழுத்துப் போட்ட பேப்பர்ல மோட்டார்னு எங்கேயாவது இருக்கா?"

"இல்ல சார்."

"அப்போ நீங்க செஞ்சது வேற ஒருத்தரோட வேலை."

"அந்த வேற ஒருத்தர்தான் யாருன்னு கேக்கறேன் சார்."

"அது தனி விசாரணை. இது உங்க விசாரணை."

தன் பொறுப்பில் இல்லாத வேலையை அனுமதியின்றிச் செய்து முடித்த குற்றத்துக்காகக் கோதண்டம் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். சாட்சியாகப் பதினோரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். கடைசியில் வசந்தா.

"நீயுமாம்மா?"

"நான் இன்னாண்ணா பண்ணட்டும்? 'நிர்வாகத்தின் முடிவுகளுக்குத் துணை நிற்கிறேன்'னு என் பேப்பர்ல அடிச்சு வெச்சுட்டாளே அந்த சுதா. போடலேன்னா என் வேலையும் பூடும்" என்றாள்.

கோதண்டம் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டினார். அதற்குள் கேன்டீன் மணி அடித்துவிட்டது. சாட்சிக்காரர்கள் பதினோரு பேரும் வரிசையில் நின்று கை கழுவினார்கள். தண்ணீர் நல்ல வேகமாக வந்தது.