அலமாரிக்குள் ஒரு கல்லூரி

எழுதுகிறவர் எல்லாருக்கும், தம் எழுத்தை யாராவது கேட்டு வாங்கமாட்டார்களா என்ற ஏக்கம் உண்டு. அப்படிக் கேட்டு வாங்குகிறவனுக்கு அதன்பிறகு நிம்மதி கிடையாது. இந்த உண்மை எனக்கு இருபத்து மூன்று வயதிலேயே தெரிந்துபோனது. அன்று பிடித்த அலுப்பு இன்னும் விடவில்லை. (இதை எழுத உட்கார்ந்ததும் கொட்டாவிதான் முதலில் வந்தது.)

ஐம்பதுகளின் கடைசியில், புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் உதவி நூலகராகத் தற்காலிக வேலை பார்த்தேன். கீரனூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். நூலகப் பயிற்சி முடித்த சூடு ஆறாத நேரம். உலகத்தில் எந்தப் பொருளையும் ஓர் எண்ணுக்குள் அடக்கிவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அம்மாவின் அஞ்சறைப்பெட்டிக்கே எண் ஒட்டியவன் நான். அவள் கடுகைத் தேடி முடிப்பதற்குள் எண்ணெய் கருகிவிட்டது.

ஒரு நாள் முதல்வர் கூப்பிட்டார். பல்கலைக்கழகத்திலிருந்து குழு ஒன்று வருகிறது. அதற்குள் நம் ஆசிரியர்களும் மாணவர்களும் செய்த ஆராய்ச்சி, எழுதிய எழுத்து எல்லாம் ஓரிடத்தில் சேரவேண்டும் என்றார். "வந்தவங்க கேட்டா, ஒரு கதவைத் தொறந்து அம்புட்டையும் காட்டணும்யா. குழுவுக்குத் திருப்தின்னா ஒன் வேலையும் நிரந்தரம்" என்றார். நான் அன்று மதியமே துறை துறையாகப் புறப்பட்டுவிட்டேன்.

வருஷக்கணக்கில் யாரும் கேட்காமல் கிடந்ததெல்லாம் மடை திறந்தாற்போல் வந்தது. வரலாற்று ஆசிரியர், கல்வெட்டின் மேல் ஈரத்தாளை ஒட்டி மை ஒற்றி எடுத்த படிகளைக் கொடுத்தார். ஒவ்வொன்றும் போர்வை அகலம். தாவரவியலிலிருந்து, பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே உலர்த்திய செடிகள் வந்தன. மூச்சு விட்டாலே உதிர்ந்தன. தமிழாசிரியர், தேர் வடிவத்தில் எழுத்துகளை அடுக்கிய செய்யுள் ஒன்றைத் தந்தார். எந்தப் பக்கம் மேலே என்று கேட்டுவிட்டேன். அவர் அதன்பிறகு என்னோடு பேசவில்லை. வேதியியல் விரிவுரையாளர் ஆய்வேடு தருவார் என்று பார்த்தால், மூன்று அங்க நாடகம் தந்தார். கூடவே கதாநாயகனின் ஒட்டுத்தாடி. (அதுவும் படைப்பில் சேர்த்தியாம்.)

விலங்கியல் சிதம்பரம் சார் பாக் நீரிணை மீன்களைப் பற்றி நல்ல கட்டுரை ஒன்று எழுதியிருந்தார். கட்டுரையோடு, அதற்குச் சாட்சியாக, விசிறி அகலத்தில் ஒரு திருக்கை மீனையும் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்.

"காஞ்சிருச்சா சார்?"

"காஞ்சுக்கிட்டு இருக்கு" என்றார்.

கடைசியாக வந்தவர் கணக்கு வாத்தியார் காதர் சார். கோட்டைப்பட்டினத்துக்காரர். கரும்பலகையைப் பார்த்துத்தான் பேசுவார், அதுவும் மெதுவாக. பழைய கைலித்துணியில் சுற்றிய ஒரு தாள்கட்டை என்னிடம் நீட்டினார். வலை இழுக்கும்போதும் படகு தள்ளும்போதும் பாடுகிற பாட்டுகள், சின்ன வயதிலிருந்து கரையில் கேட்டுக் கேட்டு எழுதியவை என்றார்.

"ஒரே பிரதிதாங்க இருக்கு. ஒங்கள நம்பித் தாரேன்."

நான் கட்டைப் பிரிக்கவே இல்லை. கணக்குத் துறையிலிருந்து வந்ததால் கணிதம் என்று எண் போட்டு நடுத்தட்டில் வைத்தேன். அவ்வளவுதான் என் வகைப்பாட்டு ஞானம்.

எல்லாவற்றையும் ஒரு தேக்கு அலமாரிக்குள் அடைத்தேன். ஐப்பசி மழை வேறு. காய்ந்துகொண்டிருந்த திருக்கை, காய்வதை நிறுத்திவிட்டு வேறு திசையில் போக ஆரம்பித்தது. நாற்றம் தாங்காமல் பகல் முழுக்க அலமாரிக் கதவைத் திறந்தே வைத்தேன். எலிக்குப் பயந்து நூலகத்தில் நாங்கள் ஒரு பூனை வைத்திருந்தோம். அது அலமாரிப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தது. நாளுக்கு நாள் பருத்தும் வந்தது. எலி நன்றாகக் கிடைக்கிறது போல என்று நினைத்து, மனசுக்குள் அதைப் பாராட்டினேன். (இந்த அறிவுக்குத்தான் நிரந்தர வேலை கேட்டேன்.)

குழு வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம், எல்லாம் சரியாக இருக்கிறது என்று அலமாரியைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். பூனை எங்கே என்று யோசிக்கவில்லை.

மறுநாள் காலை குழு வந்தது. தலைவர் ஒல்லியான மனிதர்; சட்டையைக் கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தார். முதல்வர் பெருமையாகப் பேசினார். எங்கள் கல்லூரியின் சிந்தனையும் உழைப்பும் இந்த அலமாரிக்குள் இருப்பதாகச் சொல்லி என்னைப் பார்த்தார். ஆசிரியர்கள் எல்லாரும் பின்னால் நின்றார்கள். நான் கதவைத் திறந்தேன்.

முதலில் நாற்றம் வந்தது. பிறகுதான் கண் தெரிந்தது. திருக்கையில் பாதியைக் காணோம். மீதிப் பாதி கதாநாயகனின் தாடிக்குள் சிக்கிக் கிடந்தது. செடிகள் மூக்குப்பொடியாகியிருந்தன. கல்வெட்டுப் படிகளில் புதுக் காலடித் தடங்கள். நடுத்தட்டில், காதர் சாரின் கைலித்துணிக் கட்டின்மேல், கண் திறக்காத குட்டிகளோடு பூனை படுத்திருந்தது. அது என்னை நிமிர்ந்து பார்த்தது. அந்த அறையில் என் அளவுக்குக் களைத்துப்போயிருந்த ஜீவன் அது ஒன்றுதான்.

தலைவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கொஞ்சம் குனிந்து பார்த்தார்.

"இது எந்தத் துறை வெளியீடு?"

நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "விலங்கியல் சார்" என்றேன்.

பின்னாலிருந்து சிதம்பரம் சார், தம் துறைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று மறுத்தார். முதல்வர் பல்லைக் கடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் வெளியே எடுக்கச் சொன்னார். நான் கையை நீட்டினேன், பூனை சீறியது. அதற்குள் காதர் சார் முன்னால் வந்துவிட்டார்.

"கை வைக்காதீங்க. இப்பக் கலைச்சா தாய் குட்டிகளை விட்டுட்டுப் போயிரும்."

"சார், அது ஒங்க பாட்டுமேல படுத்திருக்கு."

"தெரியுதுங்க. கெடக்கட்டும்."

தலைவர் என்ன பாட்டு என்று விசாரித்தார். காதர் சார் தரையைப் பார்த்தபடி சொன்னார். படிக்க முடியாவிட்டால் போகிறது, ஞாபகம் இருந்தால் ஒன்று பாடுங்கள் என்றார் தலைவர். காதர் சார், சுவரில் தொங்கிய 'அமைதி காக்கவும்' பலகையை ஒரு தரம் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பாடினார். அந்தக் குரலை எந்தக் கணக்கு வகுப்பும் கேட்டதில்லை. மழைச் சத்தத்தையும் மீறி எழுந்தது. ஒரு அடி பாடிவிட்டு நிறுத்தினார். நாங்கள் காத்திருந்தோம். அவரும் காத்திருந்தார்.

"நீங்க ஏலேலோ சொல்லணும்ங்க. எதிர்க்குரல் இல்லாம அடுத்த அடி வராது."

நடந்த கூத்துக்குக் காரணமானவன் என்ற முறையில் நான் முதலில் சொன்னேன். ஆட்டுக்குட்டி கத்தினதுபோல் இருந்தது. இந்தப் பலத்துக்கு வலை நகராது என்பதுபோல் காதர் சார் நின்றார். சிதம்பரம் சார் சேர்ந்துகொண்டார். முதல்வர் வேறு வழியில்லாமல் சேர்ந்தார். மூன்றாவது அடிக்குத் தலைவரின் கழுத்துப் பொத்தானுக்கு மேலிருந்தும் மெல்லிசாக ஓர் ஏலேலோ வந்தது. ஜன்னலுக்கு வெளியே மாணவர்கள் கூடிவிட்டார்கள். கடைசியில், கடலுக்குப் போன படகு திரும்பாததைப் பற்றி ஒரு பாட்டுப் பாடினார். அதற்கு மட்டும் அவர் எதிர்க்குரல் கேட்கவில்லை. இதற்கா கணிதம் என்று எண் போட்டேன் என்று நினைத்தபோது, எனக்குத் தலை நிமிரவில்லை.

குழுவின் அறிக்கை வந்தது. அந்தப் பாட்டுகளை அச்சிட வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். படைப்புகளைப் பாதுகாக்க ஒரு இரும்பு பீரோ தேவை என்றும் எழுதியிருந்தார்கள். பீரோ வந்து நிரந்தரமாக நின்றது. என் வேலை இன்னும் ஒரு வருஷத்துக்குத் தற்காலிகமாகவே நீடித்தது.

பூனை தானாகவே குட்டிகளைக் கவ்விக்கொண்டு இடம் மாறிய பிறகுதான் கட்டைப் பிரித்தோம். சில தாள்கள் வாசிக்கிற நிலையில் இல்லை. காதர் சார் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சாயங்காலங்களில் அவர் நினைவிலிருந்து பாட, நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினேன். பல நாள் கீரனூருக்குக் கடைசி பஸ்ஸில்தான் போனேன்.

அதோடு விட்டதா? என் கல்யாணத்துக்கு வந்த சிதம்பரம் சார், மணமேடைக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பெண்வீட்டாருக்கு இந்தக் கதையைத் தாடி உட்பட விஸ்தாரமாகச் சொல்லிவிட்டார். மூத்த மகள் பிறந்தபோது, மாமனார் தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்ட முதல் கேள்வி, எந்தத் துறை வெளியீடு என்பதுதான். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்தப் பிரசவமும் இந்தக் கேள்வி இல்லாமல் முடிந்ததில்லை.

போன மாதம் அந்த மகளுக்கே பேரன் பிறந்தான். ஆஸ்பத்திரி பெஞ்சில் பொழுது முழுக்க உட்கார்ந்து இடுப்பொடிந்துபோன என்னை உள்ளே கூப்பிட்டார்கள். மகள் குழந்தையைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு நின்றாள். நான் கையை நீட்டினேன். அவள் தரவில்லை.

"அப்பா, எந்தத் துறை?"

எனக்கு நிற்கவே தெம்பில்லை. "விலங்கியல்" என்றேன். அதன்பிறகுதான் கொள்ளுப்பேரனைக் கையில் கொடுத்தாள்.