உண்மையான வியப்பும் ஒரு கழுத்துக் கட்டியும்

மனித குலம் வியப்பதை மறந்துவிட்டது. அதை மீண்டும் கற்றுக்கொடுக்கும் வரலாற்றுப் பொறுப்பைக் கிள்ளான் பள்ளத்தாக்கு மாயவித்தையாளர் பேரவை ஏற்றுக்கொள்வதாக, பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் மாடியில் கூடிய அவசரப் பொதுக்குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. பொதுக்குழுவில் மூன்று பேர் இருந்தோம். தீர்மானம் நிறைவேறியபோது ஒருவர் கீழே ரசம் கேட்கப் போயிருந்தார்; இன்னொருவர் போனில் இருந்தார். ஆகவே ‘ஒருமனதாக’ என்பது எழுத்துக்கு எழுத்து உண்மை.

அந்த ஒரு மனம் என்னுடையது. பேரவைத் தலைவர் நான்தான். பெயர் விமலன், மேடையில் ‘புரொஃபசர் விமலன்’. எந்தப் பல்கலைக்கழகம் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. நாகரிகம் தெரிந்த ஊர். பகலில் கார் இன்சூரன்ஸ் விற்கிறேன். மாலையில் பர்த்டே பார்ட்டிகளில் கைக்குட்டையை முட்டையாக்குகிறேன். இரண்டு வேலையிலும் எதிரே இருப்பவர் ஒரே மாதிரிதான் பார்க்கிறார்: எங்கேயோ ஏமாற்றுகிறான், எங்கே என்றுதான் தெரியவில்லை.

“அந்தப் பார்வையை மாத்தணும் தலைவரே,” என்றார் பேரவைச் செயலாளர் நாகையா. அவர் கல்யாண மண்டபங்களுக்கு பலூன் கட்டுபவர். அண்மையில் ஆன்லைனில் ஒரு வகுப்பு முடித்து, ‘வியப்பியல் பயிற்றுநர்’ ஆகியிருந்தார். “இனிமே ட்ரிக் காட்டாதீங்க. அனுபவம் கொடுங்க.”

“எப்படிக் கொடுக்கிறது?”

“ட்ரிக் முடியிற இடத்துல பேசாம நில்லுங்க. அவங்க கண்ணைப் பாருங்க. நீங்களே அதிசயத்தை முதல் தடவை பாக்கிற மாதிரி முகத்தை வெச்சுக்குங்க.”

வீட்டுக் கண்ணாடி முன்னால் ஒரு வாரம் முகத்தை வைத்துப் பார்த்தேன். கடந்துபோன என் மனைவி, “வாயுத் தொல்லையா?” என்று கேட்டாள். கலைஞனுக்கு வீட்டில் மதிப்பு கிடைப்பதில்லை.

அடுத்த சனிக்கிழமை தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையின் ஆண்டு விருந்து. லக்கி டிராவுக்கும் கராவோக்கேவுக்கும் நடுவில் எனக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். நான் மேடை ஏறியபோது பாதிப்பேர் தட்டிலிருந்த பீஹூன் சேமியாவில் இருந்தார்கள், மீதிப்பேர் போனில். முன் மேசையிலிருந்து ஒரு பெண்ணை மேடைக்கு அழைத்தேன். ரமணி, நாற்பது வயதிருக்கும், தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். கழுத்தைச் சுற்றி ஷால் போட்டிருந்தார்.

“ஒரு கார்டு எடுங்க அக்கா. எனக்குக் காட்டாதீங்க. கட்டுக்குள்ளயே திருப்பி வையுங்க.”

வைத்தார். அந்தக் கார்டு கட்டில் எங்கே இருக்கிறது என்று என் சுண்டு விரலுக்கு மட்டும் தெரியும். என் கலை முழுக்க அந்தச் சுண்டு விரலில்தான் இருக்கிறது. இப்போது நாகையாவின் உத்தரவுப்படி பேசாமல் நின்றேன். கூட்டத்தின் கண்ணைப் பார்த்தேன். கூட்டமும் முதல் தடவையாக என்னைப் பார்த்தது. அதுதான் வினையாகப் போயிற்று. வழக்கமில்லாத பார்வை, கை வியர்த்தது. வியப்பு வரவேண்டிய இடத்தில் வியர்ப்பு வந்தது. கட்டு முழுவதும் வழுக்கி மேடையெங்கும் குப்புறச் சிதறியது.

யாரோ சிரித்தார்கள். என் சுண்டு விரல் அநாதையாக நின்றது. ஏதாவது செய்தாக வேண்டுமே என்று காலடியில் கிடந்த ஒன்றை எடுத்தேன். “இதுதானே உங்க கார்டு?” என்று அசடு வழியக் கேட்டுவிட்டு இறங்கிப் போய்விடுவதாகத்தான் திட்டம்.

திருப்பிக் காட்டினேன். ஸ்பேட் ஏழு.

ரமணி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். “அதேதான்!”

நானும் வாயைப் பிளந்துவிட்டேன். கண்ணாடி முன்னால் ஒரு வாரம் வராத முகம் தானாக வந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் மண்டபமே அடங்கியது. ஒருவர் பீஹூனை முள்கரண்டியிலேயே விட்டுவிட்டார். அப்புறம் எழுந்த கைத்தட்டலை என் வாழ்நாளில் கேட்டதில்லை. ஏமாற்றத் தெரிந்த நாளெல்லாம் கிடைக்காத மரியாதை, ஏமாற்ற முடியாமல் போன அன்றைக்குக் கிடைத்தது.

கார் பார்க்கில் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தபோது ரமணி வந்தார். ஷாலை விலக்கினார். கழுத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி.

“டாக்டர் ஆபரேஷன் பண்ணணும்னு சொல்றாங்க அண்ணே. ஒரு வருஷமா இழுத்துட்டே இருக்கேன். எனக்குப் பயமா இருக்கு. நீங்க பார்த்துச் சொல்லுங்க, போகவா வேணாமா?”

“அக்கா, நான் என்னத்தைப் பாக்கிறது? அங்க கார்டைக் கீழ போட்டுட்டேன். கையில கிடைச்சதை எடுத்தேன். சும்மா லக்தான் லா.”

அவர் என்னையே பார்த்தார். “சக்தி இருக்கிறவங்க அப்படித்தான் சொல்லுவாங்க.”

என் தொழில் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவருக்கு முழு உண்மையைச் சொன்னேன். அதையும் வித்தை என்றே எடுத்துக்கொண்டார். ‘டாக்டர் சொல்றபடி செய்ங்க’ என்றும் சொல்லிப் பார்த்தேன். அதை எல்லாரும் சொல்கிறார்கள் என்றார். குரல் உடைந்திருந்தது. இனி உண்மையால் பயனில்லை என்று புரிந்தது. கண்ணை மூடினேன். சும்மா நின்றேன். நன்றாகத்தான் நின்றேன், என் வாயால் நானே சொல்லக் கூடாது.

“வடக்க ஒரு கட்டடம் தெரியுது,” என்றேன். “வெள்ளைக் கட்டடம். பொம்பள டாக்டர். போய்ப் படுத்துக்க. எழுந்து வருவ.”

“ஐயோ! கிள்ளான்லதான் அண்ணே! டாக்டர் ஷாமினி!”

தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து கிள்ளான் வடக்கே இருக்கிறது. ஆஸ்பத்திரிகளுக்கு வெள்ளைதான் அடிக்கிறார்கள். டாக்டர்களில் பாதிப்பேர் பெண்கள். ஆனால் ரமணி என் காலைத் தொட்டுவிட்டுப் போனார். வழியெல்லாம் எனக்கு ஒரு பக்கம் பயம். இன்னொரு பக்கம், மறைப்பானேன், இனித்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டி பெரிதாகி மூச்சுக்குழாயை நெருக்கத் தொடங்கியிருந்ததாம், எடுத்துவிட்டார்கள். ரமணி ஒரு பெரிய பழத்தட்டோடு என் வீட்டுக்கு வந்து, “நீங்கதான் காப்பாத்துனீங்க,” என்று அழுதார். நாகையா உடனே பேரவையைக் கூட்டி, ‘உண்மையான வியப்பு’ உற்பத்தியானதற்குப் பாராட்டுத் தீர்மானம் நிறைவேற்றினார். வெட்டியவர், தைத்தவர், விடிய விடிய பக்கத்தில் நின்றவர் யாருக்கும் தீர்மானத்தில் இடமில்லை. பழத்தட்டைப் பொதுக்குழு தின்று தீர்த்தது.

ஒரு வாரம் கழித்து டாக்டர் ஷாமினியே போன் செய்தார். பயந்துகொண்டே கிள்ளானுக்குப் போனேன். முப்பத்தைந்து வயதுப் பெண். சரியாகத் தூங்காத கண்.

“ஒரு வருஷம் படம் வரைஞ்சு வரைஞ்சு சொன்னேன். கேக்கலை,” என்றார். “நீங்க என்ன சொன்னீங்க?”

“வடக்கேன்னு சொன்னேன் டாக்டர்.”

அவர் சிரிக்கவில்லை. “‘போகாதே’ன்னு சொல்லியிருந்தா?”

நான் பேசவில்லை. நாகையா பார்த்திருந்தால் மெச்சியிருப்பார்.

“அதையும் கேட்டிருப்பாங்க,” என்றார் டாக்டர். “இப்ப என் வார்டுல அவங்க பக்கத்துக் கட்டில்ல இருந்தவங்கள்லாம் உங்க நம்பர் கேக்கிறாங்க. அவங்கள்ல பாதிப்பேருக்கு ‘ஆபரேஷனுக்குப் போ’ன்னு சொல்றது சரியான பதில் இல்லை. உங்களுக்கு எது எதுன்னு தெரியுமா?”

தெரியாது என்றேன். இனி யாருக்கும் எதையும் ‘பார்க்க’ மாட்டேன் என்று, பொதுக்குழுவின் முன்னனுமதி இல்லாமலேயே, அங்கேயே சத்தியம் செய்தேன். மனசாரத்தான் செய்தேன். அந்தக் கேள்வி நெஞ்சில் குத்திக்கொண்டுதான் இருந்தது.

எழுந்தபோது டாக்டர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். “அடிக்கடி தாகம் எடுக்குதா? வந்ததுதான் வந்தீங்க, டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுத்துட்டுப் போங்க.”

கொடுத்தேன். சர்க்கரை இருந்தது, கொஞ்சமாக இல்லை. மாத்திரை எழுதித் தந்து, படம் வரைந்து, சிறுநீரகம் எங்கே இருக்கிறது, சர்க்கரை அதை என்ன செய்யும் என்றெல்லாம் விளக்கினார். படம் தெளிவாக இருந்தது. தலையாட்டினேன். மாத்திரையை வாங்கிக் காரில் வைத்தேன்.

அதற்கடுத்த புதன்கிழமை, மாத்திரை சாப்பிடுகிறேனா என்று கேட்க டாக்டர் போன் செய்தபோது, குச்சியில் சுட்ட சாத்தே இறைச்சிக்குப் பேர்போன காஜாங்கில் இருந்தேன்; அதைச் சொன்னேன்.

“சாத்தே சாப்பிடவா?” என்றார் கோபமாக.

“சேச்சே, இல்லை டாக்டர். இங்க ஒருத்தர் இருக்காரு. சொம்புத் தண்ணியை நம்ம தலையைச் சுத்துவாரு. தண்ணி ரத்தமாச் சிவந்துச்சுன்னா உடம்புல இருக்கிற சர்க்கரை இறங்கிருச்சுன்னு அர்த்தமாம். நாகையா சொன்னாரு.”



“அது எப்படிச் சிவக்குதுன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும் டாக்டர். மஞ்சள் தண்ணியில சுண்ணாம்பு. நானே பர்த்டே பார்ட்டியில பண்ணியிருக்கேன்.”

“தெரிஞ்சுமா உக்காந்திருக்கீங்க?”

“இவரு ரொம்ப நல்லா பண்றாராம் டாக்டர்.”

அவர் போனை வைத்துவிட்டார். என் முறை வந்தது. உள்ளே அந்த மனிதர் சொம்பை எடுத்தார். கட்டை விரல் நகத்தடியில் சுண்ணாம்பு இருந்ததைப் பார்த்தேன். விரல் தண்ணீரைத் தொட்ட நேரத்தையும் பார்த்தேன். என்னைவிடச் சுத்தமான கை. தண்ணீர் சிவந்தது. என் வாய் திறந்துகொண்டது. உடம்பெல்லாம் லேசாகிவிட்டது போல இருந்தது.

“என்ன வேலை பாக்கிறீங்க பாஸ்?” என்று கேட்டார்.

“இன்சூரன்ஸ்,” என்றேன்.

“நம்புறவங்களுக்குத்தான் இது வேலை செய்யும்.”

“நம்புறேன் சாமி.”

உண்மையான வியப்பை உருவாக்க மேடையில் நிற்பவனுக்குப் பெரிய திறமை எதுவும் தேவையில்லை என்பதை இந்த அனுபவத்தின் வாயிலாகப் பேரவைக்கு அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். எல்லாம் தெரிந்த ஒருவன் எதிரே வந்து உட்கார்ந்தால் போதும்.

மாத்திரை பிரிக்காமல் காரிலேயே இருக்கிறது.